அதைத் தமிழ்ல சொல்லுங்க

இது பொங்கலுக்கு முந்தி நடந்ததா, பிந்தி நடந்ததா என்பதில் எனக்கு இப்போது உறுதியில்லை. விசாரணை வியாழக்கிழமை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்; அன்று கூடவே இருந்த ராஜாம்பாளைக் கேட்டால் புதன் என்று அடித்துச் சொல்கிறாள். அன்று காலையில் தூறல் போட்டதாகக்கூட எனக்கு ஒரு ஞாபகம். அந்த மாதம் முழுக்க ஒரு சொட்டு விழவில்லை என்கிறார்கள் மற்றவர்கள். இருக்கலாம். ஆனால் யார் எந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ஒதுங்கினார்கள் என்பதில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை. திலகவதி அந்தச் சொற்களை யாரையும் மறக்க விடவில்லை.

திலகவதிக்கு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. வாசலை ஒட்டித் தையல் மிஷின். நகரியத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள் பாதிப் பேருக்கு ரவிக்கை அவள்தான். புருஷன் தெய்வசிகாமணி சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் பழுப்புக் கரியை அள்ளி மேலே போடுகிற கேங்கில் ஒன்பது வருஷமாக இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் ஷிப்டில், ஈரக் கரி வழுக்கி அவன் விழுந்தபோது, பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த இரும்பு ரோலர் உருண்டு இடது காலில் ஏறியது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயின.

அதைவிட மோசமானது மறுநாள் வந்தது. காண்ட்ராக்டர் தரப்பில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் பட்டியலில் தெய்வசிகாமணி பெயர் இல்லை. அவனுக்கு அன்று ஓய்வு. வேலை இல்லாத ஆள் உள்ளே எதற்கு வந்தான்? அந்தப் பக்கத்தில் கொஞ்ச நாளாகச் செம்புக் கேபிள் காணாமல் போகிறது. கடிதம் அதோடு நின்றுகொண்டது. மீதியை ஊரே படித்துக்கொண்டது.

நடந்தது கேங்கில் எல்லோருக்கும் தெரியும். மியூச்சுவல். எனக்கு ஒரு காரியம் இருந்தால் என் ஷிப்டுக்கு நீ வா. அடுத்த வாரம் உன் ஷிப்டுக்கு நான் வருகிறேன். இதை யாரும் எங்கேயும் எழுதுவதில்லை. பட்டியலில் இருக்கிற பெயருக்கே சூப்பர்வைசர் டிக் போட்டுவிடுவார். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். கேட்டில் பாஸைக் காட்டினால் விட்டுவிடுவார்கள். எத்தனையோ காதுகுத்தும் கல்யாணமும் சாவும் இந்த மியூச்சுவலில்தான் ஒப்பேறின. அந்த ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் அஷ்ஃபாக்குடையது. அவனுக்கு விருத்தாசலத்தில் டென்னிஸ் பால் கிரிக்கெட் இறுதியாட்டம். அண்ணே, நான் இல்லாட்டி டீம் இல்லண்ணே என்று கெஞ்சினான். தெய்வசிகாமணி வந்தான். அஷ்ஃபாக் பெயருக்கு டிக் விழுந்தது.

கட்டுப் போட்ட காலோடு வீட்டுக்கு வந்த தெய்வசிகாமணி சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தான். நான்கு நாள் கழித்து ஒரே ஒரு தடவை பேசினான்.

“கால் போனாலும் போவுது திலகா. திருடன்னு எழுதிட்டா நான் எழுந்து எங்க நடக்கிறது?”

விசாரணைக்கு இரண்டு வாரம் இருந்தது. திலகவதிக்கு வேண்டியது ஒரே ஒரு வரி: அவன் வேலையில் இருந்தான். அதைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். அடிபட்ட அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கேங்கே நின்று, நாங்க இருக்கோம் என்று சொன்னது. அதனால் அவள் பெரிதாகப் பயப்படவில்லை. மிஷினை மூடிவிட்டு, ரோலரைத் தூக்கிக் காலை விடுவித்த மணிமாறன் வீட்டுக்கு முதலில் போனாள்.

மணிமாறன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் இன்னும் அழுத்தித் துடைத்தான்.

“அண்ணி, நான் இதுல நியூட்ரல்.”

“அப்படின்னா?”

அவள் நிஜமாகத்தான் கேட்டாள். எட்டாவது வரை படித்தவள், அந்தச் சொல்லை ஆயிரம் தடவை கேட்டவள். ஆனால் இந்த இடத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பிடிபடவில்லை.

“நியூட்ரல்னா… எந்தப் பக்கமும் இல்ல.”

“ஒரு பக்கம் உங்க அண்ணன் கெடக்காரு. இன்னொரு பக்கம் யாரு?”

மணிமாறன் துணியைப் பிழிந்தான். அதில் தண்ணீரே இல்லை.

“ரோலரைத் தூக்கினது நீங்கதானே?”

“நான்தான்.”

“அன்னைக்கும் நியூட்ரலாத்தான் தூக்குனீங்களா?”

உள்ளே அவன் பெண்டாட்டி சிரித்துவிட்டாள். “நியூட்ரல்ல நிக்கிற வண்டிய எவன் வேணா தள்ளிக்கினு போவான்க்கா,” என்றாள் அங்கிருந்தே. மணிமாறனுக்குக் காது சிவந்துபோயிற்று.

திலகவதி நடந்தே திரும்பினாள். அந்தச் சிவந்த காது அவளை விடவில்லை. அன்று தைத்த ரவிக்கையில் கையைத் தலைகீழாக வைத்து மூட்டிவிட்டாள். பிரித்துக்கொண்டே யோசித்தாள். டிமிக்கி கொடுத்தான், ஜகா வாங்கினான், கழண்டுகிட்டான், கம்பி நீட்டினான் என்று நம்மிடமும் சொல்லுக்குக் குறைவில்லை. ஆனால் அவையெல்லாம் ஓடிப்போனவனைப் பற்றி நின்றவர்கள் சொல்வது. ஓடுகிறவன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள ஒரு சொல் வேண்டாமா? நான் ஜகா வாங்குகிறேன் என்று எவன் சொல்வான்? அதற்குத்தான் இவர்கள் இங்கிலீஷ் வைத்திருக்கிறார்கள். குவார்ட்டர்ஸ் பெண்கள்கூட அப்படித்தான். தைக்கக் கொடுத்துவிட்டு வேண்டாம் என்று திரும்ப வாங்குகிற அன்றைக்குத்தான் ‘ஆக்சுவலி’ என்று ஆரம்பிப்பார்கள்.

அந்த வாரம் முழுக்க அவள் நடந்தாள். தொழிற்சங்கத்தில் ஒருவர், ஃபாலோ அப்ல இருக்கு என்றார். ராஜாம்பாள் கேங்கிலேயே மூத்தவள், யாருக்கும் அஞ்சாத வாய். அவளே வாசலில் நிற்கவைத்து, “எனக்கு டென்ஷன் ஆவுதுடி, பிரஷர் மாத்திர திங்கிறவ நான்,” என்று கதவைப் பாதி சாத்தினாள். இன்னொருவன் நோ ஐடியா என்றான். அடிபட்டபோது அவன் இரண்டு முழத்தில் நின்றவன். ஒவ்வொருவரிடமும் திலகவதி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, சாபம் விடவில்லை. “அதத் தமிழ்ல சொல்லுங்க” என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பதில் வரும்வரை நின்றாள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் சிலர் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார்கள். அவள் குடித்துவிட்டு மறுபடியும் நின்றாள்.

சூப்பர்வைசர் சுதாகரை வடலூரில் பிடித்தாள். சபைக்கு எதிரே பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தான்.

“இந்தாம்மா, மேட்டர் அண்டர் ப்ராசஸ். ஹையர் லெவல்ல பாத்துக்குவாங்க.”

“தமிழ்ல சொல்லுங்க சார்.”

“அதான்… நடந்துக்கினு இருக்கு.”

“யாரு நடத்துறாங்க?”

“மேல இருக்கிறவங்க.”

“டிக் போட்டது மேல இருக்கிறவங்களா சார்?”

சுதாகர் சுற்றிலும் பார்த்தான். இரண்டு பஸ்கள் வந்து போயின. கடைக்காரன் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்தான். கடைசியில் சுதாகர் மெதுவாகச் சொன்னான்:

“நான் உண்மையச் சொல்ல மாட்டேம்மா. சொன்னா என் வேல போயிடும்.”

“சரி சார். இது பதில்,” என்றாள் திலகவதி. கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, அவன் டீயைத் தொடாமல் அப்படியே நிற்பது தெரிந்தது. தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டவன் முகம் அது.

அஷ்ஃபாக் மட்டும் அகப்படவே இல்லை. போன் அணைந்தே கிடந்தது. பள்ளிவாசல் தெருவில் அவன் வீட்டுக்கு மூன்று தடவை போனாள். விசாரணைக்கு முந்தின நாள் பிற்பகல் நான்காவது தடவை. அவன் மனைவி ஹுமா கதவைத் திறந்தாள்.

“அவரு வூட்ல இல்லக்கா. அவுட் ஆஃப் ஸ்டேஷன்.”

வாசலில் அவன் செருப்பு கிடந்தது. திலகவதி அதைப் பார்த்தாள். ஹுமாவும் பார்த்தாள்.

“வெறுங்காலோடயா போனாரு?”

ஹுமா உதட்டைக் கடித்துக்கொண்டாள். “உள்ள வாங்கக்கா,” என்றாள்.

அஷ்ஃபாக் பின்கட்டிலிருந்து வந்து சுவரோரமாக நின்றான். ஒல்லியான, நெட்டையான ஆள். பந்து வீசினால் ஊரே கூச்சல் போடும். இப்போது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

“ரிஸ்க்குக்கா,” என்றான். “பெர்மனென்ட் லிஸ்ட் வரப்போவுது. பதினோரு வருஷம். எம் பேரு இருபத்தி மூணாவது. ஆப்சென்ட் ஆயிட்டு பிரசென்ட் காட்டினேன்னு தெரிஞ்சா தூக்கிடுவாங்க. ஃபேமிலி கமிட்மென்ட் இருக்கு. சிச்சுவேஷன் அப்படி.”

“சரி தம்பி. நாளைக்கு அங்க என்னா சொல்லப் போறன்னு தமிழ்ல ஒரு தடவ சொல்லிடு. நான் போயிடறேன்.”

“அன்னைக்கு நான் வேலைக்கு வந்தேன்னு சொல்லுவேன்.”

“ம்.”

“அவ்ளோதான்க்கா.”

“அவ்ளோதானா? நீ வந்திருந்தா அவரு எதுக்கு வந்தாரு?”

அவன் வாயைத் திறந்தான். உறுமிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ் திடீரென்று நின்றது. அந்த வீட்டில் அதுவரை அப்படியொரு சத்தம் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. ஹுமா புருஷன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரியின் மீதியை அவனால் சொல்ல முடியவில்லை.

“பயமா இருக்குக்கா,” என்றான் கடைசியில்.

“அதச் சொல்லு. அதுல ஒண்ணும் கேவலமில்ல,” என்று எழுந்தாள் திலகவதி. “எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

தெருமுனை வரை ஹுமா பின்னாலேயே வந்தாள். “அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். அவரு உள்ளதான் இருந்தாரு.”

“தெரியும்மா. நீ போ.”

அன்று மாலை திலகவதி புருஷனுக்குச் சோறு போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். ஒருவர் வாயையும் தன்னால் திறக்க முடியவில்லை என்றே அவள் நினைத்தாள். மிஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

விசாரணை காண்ட்ராக்டருடைய சைட் ஆபீசில், காலை பதினொரு மணிக்கு. நீளமான தகரக் கொட்டகையில் ஒரு ஏசி அறை. நடுவில் மேஜை. சுரங்க நிர்வாகம் அனுப்பிய விசாரணை அதிகாரி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படிக்கிற மனிதர். அவருக்கு வலப்பக்கம் காண்ட்ராக்டருடைய மேனேஜர். சாட்சிக்கென்று கேங்கையே வரச்சொல்லியிருந்தார்கள். பதினான்கு பேரும் பின்சுவரை ஒட்டி, கரி படிந்த பூட்சோடு, தரை அழுக்காகிவிடுமோ என்பதுபோல ஒட்டி நின்றார்கள். சுதாகர் மூலையில். அஷ்ஃபாக் கதவுக்குப் பக்கத்தில். தெய்வசிகாமணியால் வர முடியாததால் அவனுக்காகத் திலகவதி வந்திருந்தாள்.

மேனேஜர் ஒரு காகிதத்தை எடுத்து இங்கிலீஷில் கடகடவென்று படித்தார். அன்ஆத்தரைஸ்டு என்ட்ரி என்றார், சஸ்பீஷியஸ் சர்க்கம்ஸ்டன்சஸ் என்றார், நோ லயபிலிட்டி என்றார். படித்து முடித்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டார். அதிகாரி திலகவதியைப் பார்த்தார்.

“நீங்க ஏதாவது சொல்றீங்களாம்மா?”

“சார், இவரு படிச்சதத் தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. எனக்காக வேணாம். அதோ, அவங்களப் பாத்து சொல்லட்டும்.”

மேனேஜர் சிரித்தார். “சார், இது ஒரு ஃபார்மல் ஸ்டேட்மென்ட்…”

“சொல்லுங்களேன், என்ன போச்சு?” என்றார் அதிகாரி.

மேனேஜர் பின்சுவரைப் பார்த்துத் திரும்பினார். பதினான்கு முகம். “அதாவது… அனுமதி இல்லாம உள்ள வந்திருக்கார். சந்தேகத்துக்கு இடமான வகையில…”

“என்னா சந்தேகம்?” என்றாள் திலகவதி.

“பொருள் ஏதாவது…”

“முழுசா சொல்லுங்க சார்.”

மேனேஜர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பேனாவோடு காத்திருந்தார்.

“கேபிள் திருட வந்தார்னு.”

பின்சுவரில் யாரோ மூச்சை இழுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் சஸ்பீஷியஸ் என்றபோது சும்மா நின்ற கால்கள் இப்போது தரையில் தேய்ந்தன. திலகவதி அவர்கள் பக்கம் திரும்பினாள்.

“எல்லாரும் கேட்டுக்கினீங்களா? உங்ககூட ஒம்போது வருஷம் கரி அள்ளுன மனுஷன் திருட வந்தாராம். ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க, அப்படியே எழுதிக்கட்டும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. வேற எந்த வார்த்தையும் வேணாம்.”

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. ஒரு நிமிஷம் என்கிறார்கள், ஐந்து நிமிஷம் என்கிறார்கள். கதவுப் பக்கம் சத்தம் கேட்டபோது, அஷ்ஃபாக் வெளியே போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

“சார், அன்னைக்கு நான் வேலைக்கு வரல.”

அதிகாரி பட்டியலைப் புரட்டினார். “வந்ததா இருக்கே?”

“வரல சார். விருத்தாசலத்துல கிரிக்கெட் ஆடிக்கினு இருந்தேன். எனக்குப் பதிலா அண்ணன் வந்தாரு. நான்தான் கெஞ்சிக் கூப்பிட்டேன். அவரு திருட வரல. என் வேலையப் பாக்க வந்தாரு.”

“யோவ், யோசிச்சுப் பேசு,” என்றார் மேனேஜர். “இதுக்கு கான்சிக்வென்சஸ் இருக்கு!”

“அதையும் தமிழ்ல சொல்லு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது. ராஜாம்பாள்.

அறையே சிரித்துவிட்டது. அதிகாரிகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்த பிறகு யாராலும் சுவரோடு ஒட்டி நிற்க முடியவில்லை. ராஜாம்பாள் இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“எழுதிக்கோங்க சார். எம் பேத்தி காதுகுத்துக்கு நான் மியூச்சுவல் போட்டிருக்கேன். எங்க நாத்தனார் செத்ததுக்குப் போட்டிருக்கேன். அப்பல்லாம் எம் பேருக்கு வேல செஞ்சவங்க எல்லாம் திருட வந்தவங்களா?”

“நான் போன மாசம் போட்டேன் சார்,” என்றான் ஒருவன். “நான் தீபாவளிக்கு,” என்றான் இன்னொருவன். மணிமாறன் கையைத் தூக்கிக்கொண்டே நடந்து வந்தான். “ரோலரத் தூக்கினது நான்தான் சார். தூக்கும்போது அண்ணன் கையில கரி அள்ளுற மம்பட்டி இருந்துச்சு. கேபிள் எதுவும் இல்ல.” நோ ஐடியா சொன்னவன்கூட, இரண்டு முழத்தில் நின்றேன் என்று ஒப்புக்கொண்டான். மேனேஜர் எழுந்து நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அது எந்த மொழி என்பது யார் காதிலும் விழவில்லை.

சத்தம் அடங்கியதும் மூலையிலிருந்து சுதாகர் வந்தான். மேனேஜர் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

“டிக் போட்டது நான் சார். ஆள் மாறியிருக்குன்னு தெரிஞ்சுதான் போட்டேன். வருஷக்கணக்கா இப்படித்தான் ஓட்டிக்கினு இருக்கோம்.”

அதிகாரி எழுதிக்கொண்டிருந்த தாளை ஒதுக்கிவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். நிதானமாக எழுதினார். எழுதியதை அவரே உரக்கப் படித்தார், தமிழில்: அஷ்ஃபாக் என்பவருக்குப் பதிலாக, சூப்பர்வைசர் அறிய, தெய்வசிகாமணி வேலையில் இருந்தபோது காயமடைந்தார்.

“இன்னொரு தடவ படிங்க சார்,” என்றாள் திலகவதி.

அவர் இன்னொரு தடவை படித்தார்.

கேங்கு மொத்தமும் மூன்று ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு மந்தாரக்குப்பம் போயிற்று. தெருவில் பிள்ளைகள் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துப் பின்னால் ஓடிவந்தன. ராஜாம்பாள் முதல் ஆளாக உள்ளே நுழைந்து, நடந்ததை நின்ற இடத்திலேயே நடித்துக் காட்டினாள். மேனேஜரின் முகத்தை மூன்று தடவை போட்டுக் காட்டினாள். தெய்வசிகாமணி சுவரை விட்டுத் திரும்பினான். தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னான். எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். பேசினால் அழுதுவிடுவான் என்று தெரிந்ததால் மற்றவர்களும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அஷ்ஃபாக் படியேறாமல் வாசலிலேயே நின்றான். தெய்வசிகாமணி எட்டிப் பார்த்தான்.

“டேய், மேட்ச்சு என்னா ஆச்சு? யாருமே எங்கிட்ட சொல்லல.”

“தோத்துட்டோம்ணே.”

“இதுக்காடா எங்காலு!” என்றான் தெய்வசிகாமணி. அந்தச் சிரிப்பு இரண்டு வீடு தாண்டிக் கேட்டது. திலகவதி அடுப்படியில் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருக்கிற பாலில் பதினாறு பேருக்கு எப்படி டீ போடுவது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெய்வசிகாமணிக்குக் கால் எலும்பு ஒன்றுசேர ஏழு மாதம் ஆனது. கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கிறான், பம்ப் ஹவுசில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. அஷ்ஃபாக்கை ஒரு மாதம் நிறுத்திவைத்தார்கள். பட்டியலில் இருபத்து மூன்றிலிருந்து நாற்பத்தொன்றுக்கு இறங்கினான், இன்னும் காண்ட்ராக்டில்தான் இருக்கிறான், இன்னும் பந்து போடுகிறான். ஹுமா இப்போது திலகவதியிடம் தையல் பழகுகிறாள். சுதாகரை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். வடலூரில் மொபைல் கடையில் இருக்கிறான். மணிமாறன் கேங்குக்கு மேஸ்திரி ஆனான். மியூச்சுவலை எழுத ஒரு நோட்டு வந்தது, அதில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ராஜாம்பாள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். அந்தக் காண்ட்ராக்டர் ஒப்பந்தம் முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார்; அந்த மேனேஜரும் கூடவே. திலகவதி அதே வாசலில் ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறாள்.